எட்டு வீட்டு அம்மாவுக்கு ஓர் அறை

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நான் பாதிப் பணக்காரன். மீதிப் பாதிக்கு மனைவியின் சம்மதம் மட்டும்தான் பாக்கி.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். ஊரில் உள்ள அத்தனை பேரையும் மேலே ஏற்றிவிட்டு, நான் மட்டும் அடியில் குழிக்குள் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறேனே என்று கொஞ்ச நாளாகவே ஒரு குமைச்சல். என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஸ்டோர் கீப்பர்தான் சொன்னார். "டைல்ஸ் கடை மாடியில மாசா மாசம் ஒரு கூட்டம் நடக்குது. வீடு வாங்கறது, விக்கறது, வாடகைக்கு விடறதுன்னு எல்லா வித்தையும் சொல்லித் தராங்க. போய்ட்டு வாங்களேன். டீ இலவசம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் ஏதோ ஒரு உத்வேகம் இருந்தது. போனேன்.

சுவர் ஓரமாக விற்பனைக்கான வாஷ்பேசின்கள் வரிசையாக நின்றன. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்கள் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். கை கொடுத்த கையோடு விசிட்டிங் கார்டும் கொடுத்தார்கள். என்னிடம் இருந்தது கம்பெனி கார்டுதான். 'சிக்கிக்கொண்டால் அழைக்கவும்' என்று போட்டிருக்கும். அதை வாங்கிப் படித்த ஒருவர், "கடன்ல சிக்கிக்கிட்டாலுமா?" என்று ஆவலாகக் கேட்டார்.

பிறகு அந்த அம்மாள் எழுந்தார்.

கத்தரித்த நரைமுடி. கான்வாஸ் ஷூ. தோளில் நிற்காமல் தொங்கும் ஒரு பழைய கோட். பார்சல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வீடாக வாங்கினாராம். இப்போது எட்டு. கூட்டத்தில் அவருக்குப் பெயரே 'எட்டு வீட்டு அம்மா'. பெருமை பேசுவார் என்று பார்த்தால், முதலில் வாங்கிய வீடு எப்படி ஒழுகியது என்றுதான் ஆரம்பித்தார்.

"வீடு பார்க்கப் போனா பெயின்ட்டைப் பார்க்காதீங்க. குழாயைத் திறந்து விட்டு, தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. நல்ல தெருவுல மட்டமான வீடா பார்த்து வாங்குங்க. காலி ரூம்ங்கறது சம்பளம் வாங்கிட்டுத் தூங்கற ஆள் மாதிரி, விட்டு வைக்காதீங்க. அப்புறம் பேரம். எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன வேணும்னு தெரியாம வாயைத் திறக்காதீங்க. தெரிஞ்ச பிறகும் திறக்காதீங்க!"

ஒருவர் கேட்டார். "எட்டுல நீங்க எந்த வீட்ல இருக்கீங்கம்மா?"

"ஒண்ணுலயும் இல்ல. எட்டுலயும் நல்ல குடித்தனக்காரங்க இருக்காங்க. அவங்களைக் கிளப்பிட்டு நான் போய் உக்காரலாமா? நான் இருக்கறது ஒரு வாடகை ரூம்ல."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டீயைக் கூட மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, இனிமே நம்ம வாழ்க்கையே வேற!"

"முதல்ல கையைக் கழுவுங்க. கதவெல்லாம் கிரீஸ்."

"வீடு வாங்கப் போறேன்."

"எந்த வீடு?"

"தெருவுலயே மட்டமான வீடா பார்த்து வாங்கணும். அதுதான் ரகசியம்."

"அதைத்தான் ஏற்கெனவே வாங்கிட்டோமே."

"உனக்குப் புரியல. இதுக்குப் பேரு முதலீடு."

"முதலீடுன்னா 'முதல்ல வீடு'ன்னு அர்த்தம். அந்த பாத்ரூம் தாழ்ப்பாளை முதல்ல சரி பண்ணுங்க."

என் மனைவி துணி திருத்துபவள். பெரிதாக வாங்கிவிட்டவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். பெரிதாகிவிட்டவர்களுக்கு விட்டுக் கொடுப்பாள். வாசலை ஒட்டிய முன்னறைதான் அவளுடைய கடை. தெருப் பக்கம் தனிக் கதவு உண்டு. அந்தத் தனிக் கதவைப் பார்க்கப் பார்க்க எனக்கு எட்டு வீட்டு அம்மாவின் குரல் காதில் ஒலித்தது.

"முன் ரூமை வாடகைக்கு விடலாமே?"

"அது காலியா இல்லையே."

"மிஷினை ஹாலுக்குக் கொண்டு வந்துட்டா காலிதானே?"

அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினாள். "இந்த வீட்ல என்னைத் தேடி நாலு பேர் வர இடம் அது ஒண்ணுதான். உள்ள வரும்போது துணி சரியில்லன்னு கூனிக் குறுகி வராங்க. போகும்போது நிமிர்ந்து போறாங்க. அதை ஹால்ல, நீங்க லுங்கியோட உக்காந்திருக்கற பக்கத்துல வச்சு எப்படிங்க செய்யறது?"

நியாயம்தான். ஆனால் முதலீட்டாளன் இளகக் கூடாது.

"அந்தம்மா பேச்சை நீ கேக்கணும். அப்பப்பா! என்ன தெளிவு! என்ன கூர்மை! உன்னை விட…"

"என்னை விட?"

"உன்னை விட்டுட்டு இனிமே அந்தக் கூட்டத்துக்குப் போறதே இல்லன்னு சொல்ல வந்தேன்."

"சரி. அடுத்த தடவை நானும் வரேன்."

எனக்கு ஒரே குஷி. நான் சொன்னால்தான் கேட்கமாட்டாள். அந்தம்மா சொன்னால் அசந்துவிடுவாள். மறுநாளே கார்டு அடித்துவிட்டேன். பெயருக்குக் கீழே 'முதலீட்டாளர்'. எதில் என்று அச்சுக்காரர் கேட்டார். இடம் இருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றேன். கார்டில் இருக்கும் இடத்தைத்தான் சொன்னேன்.

அடுத்த கூட்டத்தில் என் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எட்டு வீட்டு அம்மா பேசியதையெல்லாம் கண் கொட்டாமல் கேட்டாள். இடைவேளையில் நான் கார்டுகளை விநியோகித்துக்கொண்டிருந்தபோது, அவள் வாஷ்பேசின் பக்கம் அந்த அம்மாளோடு நின்றிருந்தாள். மெல்ல நெருங்கினேன்.

"தோள்ல ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சா கோட்டு எடுப்பா நிக்கும்மா. என்ன, முகம் வாட்டமா இருக்கு?" என்றாள் என் மனைவி.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே? நான் இருக்கற வீட்டை ஓனர் விக்கறார். ஊருக்கெல்லாம் வீடு பிடிக்கச் சொல்லித் தரேன், எனக்கு ஒரு ரூம் கிடைக்கல. தனி வழி இருக்கணும். எத்தனை மணிக்கு வந்தே, எங்க போனேன்னு யாரும் கேக்கக் கூடாது. முக்கியமா, சத்தம் கூடாது. நிம்மதியா தூங்கி வருஷமாச்சு."

சத்தத்தைப் பற்றிச் சொன்னது என் காதில் விழவே இல்லை. 'தனி வழி' என்ற இடத்திலேயே நான் பாய்ந்துவிட்டேன்.

"எங்க வீட்ல இருக்கே! தனிக் கதவோட!"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் என் மனைவியால் மறுக்க முடியுமா? என்ன சாமர்த்தியம் எனக்கு! நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

என் மனைவி சிரித்தாள். "தாராளமா வந்து பாருங்கம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். என் மனைவி தோள் பிடித்துக் கொடுத்திருந்த கோட்டில் இன்னும் கம்பீரமாக இருந்தார். என் மனைவிதான் முன்னறையைத் திறந்து காட்டினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. துடைத்துப் பெருக்கி, ஜன்னலையும் விரியத் திறந்து வைத்திருந்தாள்.

வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்.

ஒரு பஸ் வந்து நின்றது. பெருமூச்சு விட்டது. ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. மேஜை மேல் இருந்த கத்தரிக்கோல் யாரும் தொடாமல் ஒரு சாண் நடந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் அம்மா.

"இன்னிக்கு லீவு நாள்மா. கொஞ்சம் அமைதியா இருக்கு" என்றாள் என் மனைவி, வருத்தமாக.

நான் பல்லைக் கடித்தேன். "பழகிட்டா தாலாட்டு மாதிரிதாங்க இருக்கும்!"

"வேற ரூம் இல்லையா?"

"ஒண்ணு இருக்கு" என்றாள் மனைவி. "பின்னால, மாடியில. தனிப் படிக்கட்டு. ஆனா அதைப் பத்திப் பேசவே கூடாதும்மா. அது இவரோட ஆபீஸ்."

"லிஃப்ட் ஆபீஸா?"

"இல்லம்மா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள யோசிப்பார். யோசிக்கற சத்தம் கீழ வரைக்கும் கேக்கும். சில நாள் குறட்டை மாதிரியே இருக்கும்."

"பார்க்கறதுல என்ன தப்பு?" என்று சொல்லிக்கொண்டே எட்டு வீட்டு அம்மா படியேறிவிட்டார்.

என் சாய்வு நாற்காலி, நான் சேர்த்து வைத்த பழைய லிஃப்ட்களின் பித்தளைப் பொத்தான் பலகைகள், வானொலிப் பெட்டி. எதையும் அவர் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறந்தார். குனிந்து, தண்ணீர் போகும் வழியைப் பார்த்தார். சுவரைத் தட்டினார். ஜன்னலைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெளியே ஒரு மரம். அதில் ஒரு பறவை மட்டும் ஏதோ கேட்டது, பதில் வரவில்லை. அவ்வளவு அமைதி. நான் என் நிலையை மறந்து வாய் பிளந்து ரசித்தேன். ஓர் அறையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கண்ணெதிரே பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பிறகு அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், இந்த ரூம் இப்ப என்ன வேலை பார்க்குது?"

"நான்… இங்க… வந்து…"

"சம்பளம் வாங்கிட்டுத் தூங்குதுன்னு சொல்லுங்க."

"வேண்டாம்மா, விட்டுடுங்க" என்றாள் என் மனைவி பதறிக்கொண்டு. "அவர் மனசு கஷ்டப்படும். ஆசை ஆசையா கார்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கார், பாவம்."

அந்தப் 'பாவம்' என்னைக் குத்திவிட்டது. குருவுக்கு முன்னால் நான் பாவமா?

"யார் மனசு கஷ்டப்படும்? எனக்கா? நான் முதலீட்டாளன்! உங்களுக்கு இல்லாத ரூம் எனக்கு எதுக்கும்மா? எடுத்துக்கோங்க!"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்றாள் மனைவி. அவள் கண்ணில் அப்படி ஒரு வியப்பு. கல்யாணத்தன்று கூட என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

வாடகைப் பேச்சு வந்தது. அம்மா ஒரு தொகை சொன்னார். நல்ல தொகைதான். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் திரையில் பிரிந்திருந்த ஒரு மடிப்பை எடுத்து விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அம்மா கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அவள் இன்னும் நீவினாள். எனக்குத் தாங்கவில்லை.

"பரவால்ல, அதுவே…"

"என்னங்க, அடுப்பை அணைச்சேனான்னு பார்த்துட்டு வாங்களேன்."

ஓடினேன். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. திரும்பி மேலே வருவதற்குள் பேரம் முடிந்து, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்றார் எட்டு வீட்டு அம்மா, "இத்தனை வருஷமா இதைத்தான் மேடையில சொல்லித் தரேன். எனக்கே ஒருத்தர் செஞ்சு காட்டினது இதுதான் முதல் தடவை. உங்க வீட்ல இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு நீங்க எதுக்கு சார் டைல்ஸ் கடை மாடிக்கு வரீங்க?"

அந்த வாரமே குடி வந்துவிட்டார். என் நாற்காலியை நானே சுமந்து ஹாலுக்கு இறக்கினேன். படியில் பாதியில் மூச்சு வாங்கியது. கீழே நின்று மறுமுனையைப் பிடித்திருந்தாள் மனைவி.

"கஷ்டமா இருக்கா?" என்றாள். குரலில் கேலி இல்லை.

"லேசா."

"ஹாலுக்குக் கொண்டு வந்துட்டா ரூம் காலிதானேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு அழகாக ஒருவரைக் கிளப்ப முடியுமா என்று ஆச்சரியம்தான் வந்தது.

வாடகை வரத் தொடங்கியதும் இரண்டாவது மிஷின் வந்தது. தைக்க இன்னொரு பெண்மணியும் வந்தார். காஜா எடுக்கும் பலகைக்கு ஹாலில் இடம் தேவைப்பட்டது. என் நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போனது. ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவன் படிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஆனால் தினமும் காலையில் எட்டு வீட்டு அம்மா இறங்கி வரும்போது என் பக்கத்தில் நின்று ஓர் உத்தி சொல்லிவிட்டுப் போகிறார். வேறு யாருக்கு இந்தக் கொடுப்பினை?

சென்ற கூட்டத்தில் என் மனைவியையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். முன் வரிசையில், பிரித்துப் பிடித்த சட்டையில் மிடுக்காக நான். அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலப் பேசினாள். நறுக்கென்று இருந்தது. ஒருவர் எழுந்து கேட்டார்.

"அம்மா, ரூம்ல ஏற்கெனவே இருக்கற ஆளைக் காலி பண்ண வைக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்னு சொல்வாங்க. நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

"எனக்குச் சிரமமே இல்லீங்க. ரொம்ப நல்ல மனுஷர். சண்டை இல்ல, நோட்டீஸ் இல்ல. அவர் பெருசா மதிக்கறவங்க முன்னால தாராளமா பேச ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அவரே சாமானைத் தூக்கி வெளிய வச்சுட்டார்."

அரங்கமே கைதட்டியது. ஆள் யார் என்பதையே ஒரு கணம் மறந்து, இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் ஏமாளியா என்று வியந்து நானும் பலமாகக் கைதட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னையே உற்றுப் பார்த்தபோதுதான் நிறுத்தினேன்.