இந்தப் பாட்டு படத்துல எங்க வரும் தெரியுமா?

காரைக்காலில் ஒரு கல்யாணப் பேச்சு, சினிமாப் பாட்டு ஒன்றில் சிக்கி அந்தரத்தில் தொங்குகிறதாம். பாரிஸ் புறநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் முருங்கைக்காயைத் தராசில் வைத்தபடியே சொன்ன செய்தி இது. அவருக்கு அவர் கொழுந்தியாள் சொன்னாளாம். கொழுந்தியாளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "ஊரே பேசுதுங்க" என்கிறார். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்ததும் பாடிவிட்டான் என்று ஒரு கட்சி. இல்லை, பெண்தான் பாடினாள், அதுவும் குத்துப்பாட்டு என்று இன்னொரு கட்சி. நாகூர் போய்ச் சேர்வதற்குள், பெண்ணைப் பெற்ற தாயே எழுந்து ஆடிவிட்டதாகச் செய்தி முற்றிவிட்டது.

யாரும் பாடவில்லை. யாரும் ஆடவில்லை. அந்தப் பாட்டு படத்தில் எந்த இடத்தில் வரும் என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். நடந்தது அவ்வளவுதான்.

அந்த ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், உங்கள் மைத்துனர்களில் ஒருவர் இருக்கிறார். பெயர்தான் இதுவரை யாரும் வைக்கவில்லை. குறி சொல்லி, கோள் சொல்லி என்பதுபோல இவரைச் 'சீன் சொல்லி' என்று வைத்துக்கொள்வோம்.

சீன் சொல்லிக்குப் பாட வராது. ராகம் தெரியாது. இரண்டாவது சரணத்தை 'தன்னன்னா' போட்டுத்தான் கடப்பார். ஆனால் கும்பகோணம் போகிற தனியார் பேருந்தில், ஜன்னல் காற்றும் நல்ல மெட்டும் ஒன்றுசேர்ந்து வந்து, நீங்களும் கண்ணை மூடி, வீட்டுக் கடனையும் மேலதிகாரியையும் மறந்து, தலையை லேசாக ஆட்டத் தொடங்கும் அந்த நேரம் பார்த்து உங்கள் முழங்கையை ஒரு விரல் தட்டும். "இந்தப் பாட்டு படத்துல எங்க வரும் தெரியுமா?" தெரியும் என்று சொல்லிப் பாருங்கள், விடமாட்டார். தெரியாது என்றால் தொலைந்தீர்கள். இரண்டு கைவிரல்களாலும் சட்டம் கட்டி, இதோ மழை, இதோ வீட்டு வாசல், வாசலில் ஒற்றைச் செருப்பு, செருப்பிலிருந்து கேமரா மெல்ல மேலே போகிறது என்று அவர் கையை உயர்த்தும்போது சட்டத்துக்குள் கண்டக்டரின் வயிறு வந்து நிற்கும், பொருட்படுத்த மாட்டார். அவர் சொல்லி முடிக்கையில் பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு பாதி ஓடியிருக்கும். பாட்டு போனால் என்ன? பாட்டு வந்த இடம் கிடைத்துவிட்டதே!

அவரிடம் ஒரு தத்துவமும் உண்டு. "பாட்டுங்கிறது ஒண்ணுமே இல்லங்க. வச்ச எடம்தான் பாட்டு."

சும்மா சொல்லக் கூடாது, இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் தாலாட்டாகக் கேட்டால் கொட்டாவி வரும்; அதையே படத்தில், தொட்டிலை ஆட்டுகிறவனின் இடுப்பில் கத்தி இருக்கும்போது கேட்டால் உள்ளங்கை வியர்க்கும். சாவு வீட்டுக் காட்சியில் அடுத்த வீட்டு ரேடியோ தன் பாட்டுக்குக் கிண்டல் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்க, நீங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதீர்களே, அது பாட்டுக்காகவா? வைத்த இடத்துக்காக. எல்லாம் சரி. ஆனால் இயக்குநர் வைத்த இடத்தோடு அதை விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

நூர் அகமது எடுத்துக்கொண்டு வருகிறவர்.

பாரிஸ் விமான நிலையத்தில், தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவில் அவருக்கு வேலை. எது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதே பிழைப்பு. தமிழிலும் பிரெஞ்சிலும் படித்தவர் ஆகையால் மற்ற சீன் சொல்லிகள் ஒருமுறை விளக்குவதை இவர் இரண்டு முறை விளக்குவார். "இதுக்கு பிரெஞ்சுல ஒரு வார்த்தை இருக்கு" என்று அவர் தொண்டையைச் செருமினால், கேட்பவர்கள் செருப்பைத் தேடுவார்கள். பயந்த சுபாவம். ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் உட்கார்ந்துகொள்வார், பிறகுதான் எடுப்பார். நல்ல செய்தி என்றால் அதற்காகவும் கொஞ்சம் பயப்படுவார்.

அவர் பயத்துக்கெல்லாம் பெரிய பயம் தங்கை நௌஷின் கல்யாணம். வாப்பா இல்லை. நௌஷின் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறாள். "கல்யாணத்துக்கு அப்புறமும் நடத்துவேன்" என்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போன சம்மந்திகள் பலர். கடைசியாக ஒரு குடும்பம் சரி என்றது. மாப்பிள்ளை காஜா நஜ்முதீனுக்குத் துபாயில் வேலை. நௌஷினுக்குப் பிடித்திருந்தது. பேச்சை உறுதி பண்ண நூர் அகமது லீவு போட்டு வந்தார்.

வந்த வேகத்தில் சுரக்குடிக்குப் போய் நண்பர் பாலகுருவைப் பார்த்தார். பாலகுரு ஏற்கெனவே இவரிடம் அடிபட்டவர். அவர் கல்யாண வரவேற்பில், மணமக்கள் மேடை ஏறும்போது ஒலித்த காதல் பாட்டைக் காட்டி, "இது முடிஞ்சதும் ஹீரோயின் சொல்லாம கொள்ளாம ரயில் ஏறிப் போயிடுவா" என்று இவர் மாப்பிள்ளையின் காதில் ஓதினார். தாய் வீட்டைப் பார்க்கக் குரும்பகரம் போன மனைவி திரும்பி வரும்வரை பாலகுருவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் குரும்பகரத்துக்கு ரயிலே கிடையாது.

"மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றார் பாலகுரு. "அன்னைக்கி மட்டும் ஒரு பாட்டும் உன் காதுல விழாமப் பாத்துக்க."

"என் தங்கச்சி வாழ்க்கைடா. நான் வாயத் தொறப்பனா?"

"உனக்கு சனி நாக்குலதான்டா உக்காந்திருக்கு. திருநள்ளாறு பக்கந்தான். ஆனா அங்க நாக்கை மட்டும் தனியா முழுக்காட்ட மாட்டாங்க."

அந்த நாள் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் ஆஸியா பீவி உறவுக்காரப் பெண்கள் சூழ வந்து உட்கார்ந்தார். உம்மா பத்ருன்னிசா வட்டிலப்பத்தை வெட்டி வைத்தார். ஆஸியா பீவி ஒரு துண்டு வாயில் போட்டு, நௌஷினைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "படிச்ச புள்ள. வேலைக்குப் போகட்டும். எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

உம்மாவின் கண் கலங்கியது. நூர் அகமது முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அங்கேயே எல்லாரும் எழுந்து கைகுலுக்கிப் பிரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

"என் போன் எங்க போச்சு? மவனுக்கு சந்தோசத்தச் சொல்லணும்" என்று ஆஸியா பீவி கைப்பையைத் துழாவினார். "தம்பி, ஒரு ரிங் குடுங்களேன்."

நூர் அகமது கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பாரிஸில் அவர் பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில். அதில் காலர் டியூன் கிடையாது. கூப்பிடுகிறவன் காதில் பாட்டு ஓடும் என்பதையே மறந்துபோயிருந்தார். ஆஸியா பீவியின் போன் எங்கோ ஒரு புர்காவுக்கு அடியில் ஊமையாகக் கிடக்க, நூர் அகமதுவின் கையிலிருந்து பாட்டு கிளம்பியது.

'வாசல் நெறஞ்ச வெளிச்சமே, வலது கால வச்சு வா…'

பெண்கள் சிரித்தார்கள். ஆஸியா பீவிக்கு வெட்கமே வந்துவிட்டது. "மருமவ வரப்போறாளேன்னு போன வாரந்தான் வச்சேன்."

படத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் நீங்களே ஆரம்பித்துவிடுவீர்கள்.

நூர் அகமதுவின் தொண்டையில் அரித்தது. உம்மா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாலகுரு சொன்னதெல்லாம் இருந்தது. நௌஷின் தன் காலால் அவர் காலை மிதித்தாள். அவர் பல்லைக் கடித்தார், மின்விசிறியைப் பார்த்தார், வட்டிலப்பத்தை முழுசாக வாயில் போட்டு அடைத்தார். பாட்டு விடவில்லை. போன் கிடைக்கவில்லை. பல்லவி முடிந்தது. வட்டிலப்பமும் முடிந்தது.

"மாமி, இந்தப் பாட்டு படத்துல எங்க வரும் தெரியுமா?"

"எங்க தம்பி?"

அந்த 'எங்க தம்பி' ஒரு மரியாதைக்குக் கேட்டது. சீன் சொல்லிக்கு அதுவே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததற்குச் சமம். விரல்களால் சட்டம் கட்டினார். சட்டத்துக்குள் ஆஸியா பீவியின் முகம் வந்து உட்கார்ந்தது. "புது மருமவ வாசல்ல நிப்பா மாமி. மாமியாக்காரி இந்தப் பாட்ட ரேடியோவுல சத்தமா வச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே உள்ள போயி, மருமவளோட சர்ட்டிபிகேட்ட ஒண்ணொண்ணா அடுப்புல போடுவா. வெளிய பாட்டு, உள்ள நெருப்பு! என்னா எடத்துல வச்சிருக்கான் பாத்தீங்களா?"

கரண்டி ஒன்று தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அப்ப நா சர்ட்டிபிகேட்டக் கொளுத்துறவங்கிறீங்க."

"ஐயோ, இல்ல மாமி! அது முரண். இதுக்கு பிரெஞ்சுல ஒரு வார்த்தை…"

"முரண்டா? யாரு முரண்டு புடிச்சா? வேலைக்குப் போகட்டும்னு இப்பதானே என் வாயால சொன்னேன்?"

"உங்களச் சொல்லல மாமி. பாட்ட வச்ச எடத்தச் சொன்னேன்."

"வச்சது நாந்தானே?"

நூர் அகமது சட்டம் கட்டிய விரல்களைப் பிரித்தார். அப்போதுதான் போன் கிடைத்தது. ஆஸியா பீவி அதை வாங்கிப் பைக்குள் போட்டார், மகனிடம் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார். பெண் வைத்திருக்கும் வீடுகளில் இந்த இரண்டு சொற்களைவிடச் சுருக்கமான சாவுச் செய்தி கிடையாது.

அவர்கள் போனபின் நௌஷின் அண்ணனிடம் சொன்னாள்: "நானா, ஒரு பாட்ட பாட்டா கேட்டிருந்தீங்கன்னா நா இந்நேரம் பட்டெடுக்கக் கெளம்பியிருப்பேன்."

அழுதிருந்தால் தாங்கியிருப்பார். அழவில்லை. பரீட்சைத் தாள்களை எடுத்துவைத்துத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் அன்று நல்ல மார்க் கிடைத்திருக்காது.

துபாயிலிருந்து காஜா நஜ்முதீன் நௌஷினுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். 'உங்க நானாவே எங்க உம்மாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கட்டும். உம்மா எடுத்தா எல்லாம் சரியாயிடும். எடுக்கலன்னா நா ஒண்ணும் செய்ய முடியாது.' ஆஸியா பீவி வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் இல்லை. சாதாரண போன்தான். அதாவது, பாட்டு போன்.

பாரிஸ் கிளம்புவதற்கு முதல் நாள், பெட்டி கட்டிய கையோடு நூர் அகமது உட்கார்ந்துகொண்டார். ஊரிலிருந்து வரும் போனுக்கு மட்டுமல்ல, ஊருக்குள்ளேயே செய்யும் போனுக்கும் உட்கார வேண்டியிருக்கிறது. உம்மா ஒரு பக்கம், நௌஷின் ஒரு பக்கம். நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

'கப்பல் தெரியுது கண்ணே, கரையில நான் நிக்கிறேன்…'

வேறு பாட்டு.

"மாத்திட்டாங்களே!" என்றார் உம்மா, நெஞ்சில் கைவைத்து. "அப்ப முடிஞ்சுபோச்சா?"

"இருங்க உம்மா. அவங்க மாத்துனாங்களோ, கம்பெனிக்காரன் மாத்திட்டானோ." நௌஷின் அண்ணன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க நானா. இந்தப் பாட்டு படத்துல எங்க வரும்?"

அவர் ஆயுளில் இந்தக் கேள்வியை ஒருவரும் தாமாக அவரிடம் கேட்டதில்லை. அவர்தான் ஊரையே கேட்டிருக்கிறார். இப்போது ஒருத்தி கேட்கிறாள், கண்ணை எடுக்காமல், வாழ்க்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்.

"ரெண்டு எடத்துல வரும்."

இடைவேளைக்கு முன்னால் ஒருமுறை: புருஷன் வரும் கப்பலைப் பார்த்துப் பாடுவாள். இடைவேளைக்குப் பின்னால் ஒருமுறை: அவனைக் கொண்டுபோகும் கப்பலைப் பார்த்துப் பாடுவாள். அதே குரல், அதே மெட்டு, அதே வரி. வருகிற கப்பலும் தெரியும், போகிற கப்பலும் தெரியும் அல்லவா? வித்தியாசமெல்லாம் பல்லவி முடிந்தபின்தான். சந்தோஷப் பாட்டு என்றால் புல்லாங்குழல் வரும். சோகப் பாட்டு என்றால் ஷெனாய். காலர் டியூனோ பல்லவியோடு வெட்டப்பட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

"கொஞ்ச நேரம் பாப்போம்" என்றார் நூர் அகமது. சட்டம் கட்டும் விரல்கள் மடியில் சும்மா கிடந்தன.

இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு கேள்வி. புல்லாங்குழலா ஷெனாயா என்று நீங்களும் இப்போது காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. ஆனால், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, 'அது எந்தப் படமாக இருக்கும்?' என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா இல்லையா? பொய் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தட்டுவதற்கு உங்கள் விரல் பாதி தூரம் போய்விட்டது, எடுங்கள்.

உஸ்! பல்லவி முடியப் போகிறது.

'கப்பல் தெரியுது கண்ணே…'

இன்னும் எடுக்கவில்லை.