ஹாரன்காரர் வீட்டு வளைவு

மலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்து வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்திலும் வாயால் "பாம்" என்று அடிக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஹாரன்காரர். செம்மேட்டில் என் பஞ்சர் கடைக்குப் பின்புறம்தான் அவர் வீடு. மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிச் சேந்தமங்கலம் போவார்.

ஒன்பதாவது படிக்கும் அவர் மகள் தேன்மொழிக்கு, பெங்களூர் மாமன் ஒரு வி.ஆர். கண்ணாடி வாங்கி வந்தான். மாட்டிக்கொண்டால் வேறு உலகம். அங்கே யார் யாரோ வந்து பேசுவார்களாம். ஹாரன்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பார்ப்பது, கேட்பது எல்லாம் தன் போனிலும் வரும்படி, அவளுக்குத் தெரியாமல் செல்போன் கடையில் செய்துகொண்டு வந்தார். என் கடையில் உட்கார்ந்து பார்ப்பார்.

"தம்பி, புள்ள கடலுக்கடியில நடக்குது. மூச்சு உடுதான்னு பாருங்க!"

எனக்கும் பார்க்க ஆசைதான். கூச்சத்தில் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வீட்டில் சோறு தின்னும்போது அவருக்கு வாய் தவறிவிட்டது. "ஏஞ்சாமி, கண்ணாடிக்குள்ள வர்ற அந்த நீல முடிக்காரப் புள்ளைக்குக் கணக்குல பெயிலா?"

தேன்மொழி தட்டை வைத்துவிட்டாள். "எழுபது வளைவுலயும் ஹாரன் அடிக்கறீங்க. எங்கிட்ட மட்டும் ஏனுங்கப்பா அடிக்காம வந்தீங்க?"

மூன்று நாள் அவள் பேசவில்லை. அவர் வண்டி ஹாரனும் பேசவில்லை. மலையே பயந்தது.

"தம்பி, இனி கண்ணாடிக்குள்ள எவனாச்சும் வம்பு பண்ணுனா புள்ள எங்கிட்டச் சொல்லுமா?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று மாலையே அவள் கண் முன்னால் போனில் செய்து வைத்திருந்த அந்த ஏற்பாட்டை அழித்தார். "இனி கதவாண்ட ஹாரன் அடிச்சுட்டுத்தான் வருவேன். நீ கண்ணாடியக் கழட்டுனாத்தான் உள்ள வருவேன். ஆனா ஒண்ணு கண்ணு, எதிர்ல எவனாச்சும் ஏறி வந்தா நீ அடிக்கோணும்."

அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. கடையில் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள்ளிருந்து, "பாம்! பாம்!" பெண் குரல்.

ஹாரன்காரர் டயர் கழற்றும் என் இரும்பு லிவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும். கண்ணாடிக்குள்ளே ஒரு குரல், எந்த ஸ்கூல், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதாம். அவர் கண்ணாடியை வாங்கித் தலைகீழாக மாட்டிக்கொண்டு, பீரோவைப் பார்த்து லிவரை ஓங்கினார்.

"ஏனுங்க, புள்ளையோட அப்பன் பேசறனுங்க! நீங்க எந்த ஊருங்க? உங்க ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

மிரட்டலிலும் 'ங்க' போகவில்லை.

"அப்பா, அவன் ஓடிட்டான். குடுங்க, பிளாக் பண்ணறேன்" என்றாள்.

கடைக்கு வந்து லிவரைத் திருப்பிக் கொடுத்தார். "புள்ள ஹாரன் அடிச்சிருச்சு தம்பி."

என் மகனிடமும் ஒரு போன் இருக்கிறது. அவன் அறை வாசலில் "பாம்" என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஒருமுறை இருமிவிட்டு நிற்கிறேன். அந்த இருமலில் பாதி ஹாரன்காரருடையது.