கண்ணைப் பாத்து சொல்லு

எல்லாரும் உக்காருங்க. பேச்சை நிறுத்துங்க. பின்னாடி வடாபாவ் கடிக்கிறவரு சத்தமில்லாம மெல்லுங்க. நான் தாபோடி சின்னதுரை. பொய் சொல்றவங்களைப் புடிக்கிறதுல பூனாவுலயே என்னை மிஞ்ச ஆளு கெடயாது.

ஃபேக்டரில ஒரு டிரெயினிங். வந்த சாரு சொன்னாரு, பொய் சொல்றவன் கண்ணு கீழ போயிடும்னு. மத்தவன்லாம் தூங்கிட்டான். நான் கப்புனு புடிச்சுக்கிட்டேன். அன்னிக்கே அந்த சாரு மாதிரி தொண்டையைச் செருமி, மூக்குக் கண்ணாடியை ஏத்தி, வீட்ல நடிச்சுக் காட்டினேன். என் பொண்டாட்டி தமிழரசி, "ஏங்க, அந்தக் கண்ணு சமாசாரத்தை இன்னொரு தடவை"ன்னு கேட்டு ரசிச்சா.

எங்க ஏரியா கணபதி மண்டல் விழா மேடையில என் மிமிக்ரி. எங்க சூப்பர்வைசர் நடக்கிற நடை. அதுக்கு என் கல்யாண சஃபாரி சூட்டு வேணும். காப்பிக் கலரு. அதை மாட்டுனேன்னா சூப்பர்வைசரே எனக்கு சலாம் போடுவாரு.

விழா அன்னிக்குக் காலையில, பழைய துணியை வாங்கிட்டு எவர்சில்வர் குடுக்கிற பாண்டேவாலி வாசல்ல உக்காந்து தமிழுகூட ரொம்ப நேரம் பேரம் பேசினா. பொம்பளைங்க விஷயம். நான் தலையிடல.

சாயங்காலம் பீரோவைத் தொறந்தா சஃபாரி இல்ல.

"தமிழு, எங்கடி என் சஃபாரி?"

"தோபிகிட்ட வெளுக்கப் போட்டிருக்கேன்."

"கண்ணைப் பாத்து சொல்லு."

பாத்தா பாருங்க. இமையே கொட்டல. "தோபிகிட்ட. போதுமா, இன்னும் கிட்ட வரட்டா?"

"போதும் தாயே. அடுப்புல என்ன புது இட்லிப் பானை?"

"எங்கண்ணன் குடுத்தாரு." அதே பார்வை. டெஸ்ட்ல பாஸ்.

தோபிகிட்ட ஓடினேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். இவளோ பொய் சொல்லல. அப்போ நடுவுல எவரோ அமுக்கிட்டாங்க. வீட்ல மிச்சம் யாரு? என் மாமியா மரியம்மாள். மாப்பிள்ளைக்கு மரியாதைன்னு கல்யாணத்துலேருந்து என் மூஞ்சை நிமிந்து பாத்ததில்ல. ஒரு வார்த்தை நேரா பேசினதில்ல. எல்லாம் மக மூலமாத்தான்.

"அத்தே, சஃபாரி எங்க?"

கதவுக்குப் பின்னாடி தலை இன்னும் கீழ போச்சு. கால் கட்டைவிரலு தரையைச் சொரண்டுது.

"தமிழு, புடிச்சிட்டேன்டி. உங்கம்மா கண்ணைப் பாரு."

"அம்மா எப்பவும் அப்படித்தாங்க."

"அப்போ எப்பவும் பொய்தான்."

மாமியா தலையைத் தூக்கல. தரையைப் பாத்தே வாயைத் தொறந்தாங்க:

"தமிழு, மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அவரு சஃபாரியிலதான் இட்லி வெந்துக்கிட்டிருக்கு. எத்தனை வேணும்னு கேளு."