முன்சீப் வைகுண்டராஜின் மௌன விரதம்

பிரம்மா உலகத்தைப் படைத்த நாள் தொட்டு, ஒருவர் பேசாமல் இருந்ததால் இன்னொருவருக்குத் தீங்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு வாக்கில் இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு கண்மாய்க்கரைச் சிற்றூரின் கிராம முன்சீப் வைகுண்டராஜ். ஏகாதசிதோறும் அவருக்கு மௌன விரதம். எழுத மாட்டார், சைகை காட்ட மாட்டார். தலையை ஆட்டினாலும் அது பேச்சுதானே என்பது அவருடைய 'சித்தாந்தம்'.

அந்த ஐப்பசி ஏகாதசியன்று அடைமழை. முன்சீப் கூடத்தில் பெருமாள் படத்தின் முன் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மடைக்குக் கீழே குடியிருக்கும் அய்யம்மாள் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"அய்யா, கரையில கசிவு கண்டிருக்கு! தமுக்கடிக்கச் சொல்லுங்க. ஊர்ச்சனம் மம்பட்டியும் கூடையுமா வந்தா அடைச்சிரலாம். இல்லன்னா என் வீடு போயிரும்!"

தமுக்கு, வாசலில் நின்ற தலையாரி சிவனாண்டியின் தோளில்தான் தொங்கியது. ஆனால் சர்க்கார் தமுக்கு, முன்சீப் வாயால் உத்தரவிட்டால் மட்டுமே முழங்கும்.

"நீயாவது அடிண்ணே!"

"அவிய வாயால சொல்லணும்ட்டி. போன தடவ கேக்காம அடிச்சிட்டு எம்புட்டு ஏச்சு வாங்கினேன் தெரியுமா?"

"அவிய வாயத் தொறக்க மாட்டாகளே!"

"செத்த பொறு. நாளைக்கு விடிஞ்சதும் தொறப்பாக."

"தண்ணி பொறுக்குமா?"

"சர்க்கார் கண்மாய்தானே? உத்தரவு வார வரைக்கும் பொறுக்கும்."

முன்சீப் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அவருக்கு இரக்கமாகத்தான் இருந்தது. சொல் நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. ஆனால் இருபது வருஷ விரதம் என்னாவது? விசுவாமித்திரரைச் சோதிக்க மேனகை வந்தாள். தம்மைச் சோதிக்கப் பெருமாள் அய்யம்மாளை அனுப்பியிருக்கிறார்! சொல்லை விழுங்கினார். உடம்பெல்லாம் புல்லரித்தது. திறந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.

அய்யம்மாள் பொறுக்கவில்லை. சிவனாண்டியின் தோளிலிருந்து தமுக்கைப் பிடுங்கித் தெருத் தெருவாக அடித்துக்கொண்டு ஓடினாள். ஊரே திரண்டு வந்து கரையை அடைத்தது. ஊர் பிழைத்தது. அதற்குள் அய்யம்மாளின் மண் வீடு மட்டும் கரைந்து போயிருந்தது.

மறுநாள் துவாதசி. முன்சீப் நீராடி, துளசி தீர்த்தம் பருகி, விரதத்தை முடித்துத் திருவாய் மலர்ந்தார்.

"ஏலே சிவனாண்டி, அவளப் பிடிலே!"

'உத்தரவின்றிச் சர்க்கார் தமுக்கை அடித்துப் பொதுஜனங்களைக் கலவரப்படுத்திய' குற்றத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தாசில்தார் முன் விசாரணை நடந்தது. நீங்கள் ஏன் உத்தரவு கொடுக்கவில்லை என்று தாசில்தார் ஒரு முறைக்குக் கேட்டு வைத்தார். முன்சீப் கைகூப்பினார்.

"எசமான், விரதம் என் சொந்த விஷயம். எனக்கும் பெருமாளுக்கும் நடுவுல உள்ளது. இதுல மூணாம் மனுஷருக்கு என்ன கெடுதல்?"

தாசில்தார் மனம் உருகி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அய்யம்மாளைப் பார்த்து, சொல்ல ஏதாவது உண்டா என்றார்.

"உண்டு எசமான்" என்றாள் அவள். "அவியளுக்கும் பெருமாளுக்கும் நடுவுலதான் என் வீடு இருந்துச்சு."