நடு இருக்கையில் நான்

சனிக்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு நான் முதலில் கண்டது இதைத்தான்: டவுன்டவுன் நாடக அரங்கில் கோப்பி விற்கும் தாடிக்காரர் நிரோஷனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பாலில்லாத கோப்பியை ஊற்றிக் கொடுத்தார். நிரோஷனும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த அரங்குக்கு வாழ்நாளில் இன்றுதான் முதல் தடவையாக வருவதாகச் சற்று முன்தான் வாசலில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார்.

பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிலாவது சந்தேகம் வந்தால்தான் உற்சாகமே வரும். நான் வேலையை விட்டுப் பல வருடங்கள், வியாதி விடவில்லை.

நிரோஷன் என் அக்காவின் மகள் அபிராவுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை. கோயிலில் அறிமுகமான ஒரு பெண்மணி அக்காவிடம் கொண்டுவந்த சம்பந்தம். அதுவரை வந்த சம்பந்தங்களையெல்லாம் ஏதோவொரு குறை சொல்லித் தட்டிவிட்ட அபிரா, இதற்கு மட்டும் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஓம் என்றாள். (அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.) அத்தான் இறந்த பிறகு தனியாகப் பிள்ளையை வளர்த்தவர் அக்கா. காதல் கீதல் என்று ஏதும் நடந்தால், தகப்பன் இல்லாத வளர்ப்பு என்று சனம் கதைக்கும் என்பது அவருடைய நிரந்தரப் பயம். பேசிச் செய்யும் கலியாணம்தான் வேண்டும். மாப்பிள்ளை பிழையென்றால் அதே நிமிடம் நிறுத்த வேண்டும். இருவரும் சந்திப்பதற்கு அவர் விதித்த நிபந்தனை, நான் கூடப் போவது.

நாடகத்தைத் தேர்ந்தெடுத்தவர் நிரோஷன். விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நகைச்சுவை. “பழைய காலத்து நாடகம், கட்டிப்பிடிக்க மாட்டினம்” என்று அக்காவும் சம்மதித்தார்.

அபிரா கோப்பிப் பக்கமே வராமல் நேரே உள்ளே போயிருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மேடையில் கலியாணமாகாத பெண் ஓர் ஆணுடன் தனியே இருக்கக்கூடாது என்பதற்காக ஒரு கிழவியைக் காவல் வைத்திருந்தார்கள். காதலர்கள் அவளுடைய பின்னல் கூடைக்குள்ளேயே கடிதம் வைத்து எடுத்தார்கள். இப்படியும் ஒரு மண்டுக் கிழவியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதைவிட எரிச்சல் நிரோஷனின் சிரிப்பு. பகிடி வந்து சேருவதற்கு ஒரு மூச்சு முன்பே சிரித்தார். ஆள் இந்த நாடகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். யாருடன்? அபிராவும் அவர் சிரித்த அதே கணத்தில்தான் சிரித்தாள். பாவம், அவர் சிரிப்பதால் இவளும் சிரிக்கிறாள் என்று அதற்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன்.

இடைவேளையில் அவர்கள் இருக்கையிலேயே இருக்க, நான் மட்டும் தாடிக்காரரிடம் போனேன். பேட்டி எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முதலில் கோப்பியைப் புகழ வேண்டும். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த இளைஞர் போன கிழமையும் வந்தாராம், ஒரு பெண்ணோடு. கை கோத்தபடி நின்றார்களாம்.

கழிவறைக்குப் பக்கத்தில் நின்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, உந்தச் சம்பந்தம் வேண்டாம். உவருக்கு வேறொரு பெட்டை இருக்கு.”

அக்கா சத்தம் போடவில்லை. ஆதாரம் கேட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அடையாளங்களை வரிசையாகச் சொன்னேன்.

“ஆள் கட்டை. சுருட்டைத் தலைமயிர். சிரிச்சா முன்னுக்கு நிக்கிற ஆக்கள் திரும்பிப் பாப்பினமாம். மஞ்சள் கோட்.”

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“பிள்ளை என்ன கோட்டோட வந்தவள்?” என்று அக்கா கேட்டார்.

முதல் பாதி முழுவதும் அந்தக் கோட்டின் ஒரு கை என் மடியில் கிடந்தது. தொந்தரவாக இருக்கிறது என்று இரண்டு தடவை நானே தள்ளியும் விட்டிருந்தேன்.

“நாடகம் முடியட்டும்,” என்றார் அக்கா. “ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வா. நீ வாயைத் திறக்காதை.”

ஆனால் 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸிலுள்ள அக்கா வீட்டை நோக்கிப் போகும்போது திறந்தேன். அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்றேன். பின்னிருக்கையில் அபிரா அழத் தொடங்கினாள். நான்கு வருடமாம். மிசிசாகாவில் ஒரே அலுவலகமாம். கோயில் பெண்மணி நிரோஷனின் சொந்தப் பெரியம்மாவாம். “லவ் எண்டு சொன்னா அம்மா பிரேக் ஆயிடுவா சித்தி. அதான் ப்ரொப்போசல் மாதிரி செய்தனாங்கள். எல்லாம் பெர்ஃபெக்டா போய்க்கொண்டிருந்தது” என்றாள். கடைசி வசனத்தைச் சொல்லும்போது கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தாள். கலியாணம் நின்றால் நிறுத்தியது நான்.

வீட்டில் அக்கா தேத்தண்ணி ஊற்றிவிட்டு, நிரோஷனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“உங்கட அம்மாவுக்குத் தெரியுமோ?”

“ஓம் அன்ரி. பெரியம்மாவை அனுப்பினதே அவாதான்.”

தன்னிடம் எதையும் மறைக்காத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அக்கா. கதிரையில் கிடந்த அபிராவின் கோட்டை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார்.

“இது பேசிச் செய்யிற கலியாணம்,” என்றார். “அப்பிடித்தான் எல்லாருக்கும் சொன்னனான். அப்பிடியே இருக்கட்டும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆர் பேசினதெண்டு கேட்டால் உன்ர பேரைத்தான் சொல்லுவன். உனக்கு அது வேணும்.”

சொன்னபடியே செய்தார். கலியாண மண்டபத்தில் முன்வரிசையில் என்னை இருத்தி, இந்தச் சம்பந்தத்தைத் தேடித் தந்தவர் இவர்தான் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வீட்டில் யாருடைய கார்த் திறப்பாவது காணாமல்போனால் நிரோஷன் இன்றும், “அன்ரியிட்டை மட்டும் கேக்காதேங்கோ, அவான்ர மடியிலதான் கிடக்கும்” என்பார்.

போன கிழமை பிறம்ரனிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்து, தன் மகனுக்கு ஒரு பெண் பார்த்துத் தரச் சொன்னார்.