சாம்பிள் நல்லா இருந்துச்சுங்க, பல்க் எப்பங்க?

தொழில் வாயில் ஒட்டிக்கொண்டால் குளித்தாலும் போகாது. பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் நான், ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது 'சாம்பிள்' என்று சொல்லாமல் தூங்கியதில்லை. அந்த ஒரு சொல்லால் என் தங்கை கவிதாவின் கல்யாண வரவேற்பில் நூற்றைம்பது பேரைப் பட்டினி போடப் பார்த்தேன்.

இலை போட்டுப் பரிமாறுவதெல்லாம் பழசு என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம். (எண்ணமென்ன, கொழுப்பு.) முகூர்த்தத்துக்கு இலை இருக்கட்டும்; முதல்நாள் மாலை வரவேற்புக்குக் காளான், பானிபூரி, தட்டுவடை செட் என்று வரிசையாகக் கடை போடலாம், பிடித்ததை வாங்கி நின்றபடியே சாப்பிடட்டும் என்றேன். அப்பா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வயிறு நெறையாம போனா பேச்சு வாங்கறது நீயில்ல கண்ணு. உன்ற தங்கச்சிதான் காலம்பூராவும் வாங்கோணும்."

நான் கேட்கவில்லை. அன்று மாலை மண்டப வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு, "எல்லாத்துலயும் சாம்பிள் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினேன். எல்லாவற்றையும் ருசி பார்க்கட்டும் என்று கோப்பைகளையும் சின்னதாகவே எடுத்திருந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் தொழில். சாம்பிளுக்கும், அது ஓகே ஆனபின் வரும் பல்க் என்கிற மொத்தச் சரக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர் அங்கே யாருமில்லை. ஆளுக்கொரு கோப்பை வாங்கி, மரியாதையாக ருசி பார்த்து, தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார்கள். சாப்பாட்டுக்கூடம் மாடியில் இருந்தது.

கை கழுவப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரர்கள் அரைமணி நேரம் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினார்கள். நானே கையாட்டி வழியனுப்பினேன். (புத்திசாலி.)

அப்போதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா நாச்சிமுத்து மாமா படியிறங்கி வந்தார். மண்ணரையில் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். என் தோளில் கை வைத்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, சாம்பிள் நல்லா இருந்துச்சுங்க. பல்க் எப்பங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாடிக்கு ஓடினேன். நூற்றைம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர்களை எழுந்து போகச் சொல்வதைவிடக் கல்யாணத்தையே நிறுத்திவிடலாம். படியிறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கடைக்காரர்களுக்குப் போன் செய்தேன்; ஒருவன் நல்லூர் தாண்டிவிட்டேன் என்றான், மற்றவர்கள் எடுக்கவே இல்லை. அப்பா சொன்ன 'காலம்பூராவும்' காதிலேயே நின்றது. உண்மையாகவே அழுகை வந்தது.

நான் ஏழாவது முறை படியேறும்போது கவிதா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். திணறித் திணறி விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இப்புடிச் சுத்தீட்டிருக்கற? நாளைக்கு வாங்குன இலை இருக்குதில்லண்ணா, அதைப் போடு. முகூர்த்தத்துக்கு வந்திருக்கற சமையல்காரரை ரவை வறுக்கச் சொல்லு" என்றாள்.

இலை விழுந்தது. இலை முழுக்க உப்புமா, ஓரத்தில் ஒரு வாழைப்பழம். நானே கரண்டி பிடித்தேன். நாச்சிமுத்து மாமா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாம்பிள் ஒண்ணு காட்டிப்போட்டு பல்க் வேற அனுப்பியிருக்கறீங்களே மாப்பிள்ளை. பரவால்லீங்க, ரிஜெக்ட் பண்ணலீங்க. இன்னொரு கரண்டி வைங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. மனிதர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அப்பா பயந்தபடி கவிதா ஒரு பேச்சும் வாங்கவில்லை. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வேலம்பாளையத்தில் அவள் வீட்டுக்கு எப்போது போனாலும், முதலில் ஒரு சின்னக் காகிதக் கோப்பையில் ஒரே ஒரு விள்ளல் வரும். 'ஓகே' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் இலை போடுவாள். போன வாரம் வந்தது நெய் ரோஸ்ட் விள்ளல். பசியில் மூன்று முறை ஓகே சொன்னேன். இலை போட்டாள்.

உப்புமா.