முன்பெட்டி, பின்பெட்டி

சூட்கேஸின் ஜிப் மூட மறுத்தது. டிரைவர் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இப்ப இழு."

"இழுக்கறேங்க. நீங்க இன்னும் கொஞ்சம் கனமா உட்காருங்க."

"கனமா உட்கார்றதுன்னா எப்படி? இருக்கற கனத்தைத்தானே வைக்க முடியும்? கடன் வாங்கியா வைக்க முடியும்?"

கார்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஜிப் முக்கி முனகி ஒரு வழியாக மூடிக்கொண்டது. டிரைவர் இறங்கவில்லை. இன்ஜினில் உட்கார்ந்திருப்பவர்போல ஜன்னலையே நேராகப் பார்த்துக்கொண்டு, "டீயை இங்கேயே கொடுத்துடு" என்றார். அவள் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து உருப்படியாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

டிரைவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை சரக்கு ரயில் ஓட்டியவர். "முன்னாடி பார்க்கறது டிரைவர் வேலை. பின்னாடி பார்க்கறது கார்டு வேலை" என்பது தண்டவாளத்துக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் அவர் வைத்திருந்த சட்டம். தெருவில் இறங்கினால் பத்தடி முன்னால் போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணம் ஆன அன்றைக்கே அப்படித்தான் நடந்தார். புதுச்செருப்பு கடிக்க, பின்னால் ஓடி வந்த பெண்ணைப் பார்த்து ரயில்வே குடியிருப்புப் பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கே "கார்டம்மா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் தொலையாமல் வளர்ந்தது, பைகள் வீடு வந்து சேர்ந்தது எல்லாம் கார்டம்மாவின் கண்காணிப்பில்தான்.

ஊர் ஊராகச் சுற்றியவர்தான் டிரைவர். ஆனால் பின்னால் எப்போதும் நிலக்கரியும் சிமெண்டும் வந்தனவே தவிர, மனைவி வந்ததில்லை. இப்போதுதான் மகள் இருவருக்கும் ஒரு கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தாள். டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் இரண்டு சின்னப் பைகளில் போட்டு, பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கு மாட்டுவதுபோல் ஆளுக்கொன்றாகக் கழுத்தில் மாட்டிவிட்டாள். "டாக்ஸில போங்கப்பா. இவ்வளவு பெரிய சூட்கேஸை வெச்சுக்கிட்டு ரயில்ல ஏறாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டும் போனாள்.

"ரயில் போற இடத்துக்கு நான் டாக்ஸில போனா, என் மானம் என்ன ஆறது?" என்றார் டிரைவர், அவள் தெருமுனை தாண்டியதும்.

கார்டம்மா சண்டை போடவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். கப்பல் கரையை விட்டு நகரும்போது மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பின்னால் இல்லை, பக்கத்தில். அதற்காக டாக்ஸி என்ன, மாட்டு வண்டியில் போகவும் தயார்.

நிலையத்தில் நகரும் படிக்கட்டு நகரவில்லை. டிரைவர் அவளுடைய சிவப்புச் சூட்கேஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதுல சக்கரம் சரியில்ல. நீ என் கறுப்பை உருட்டிக்கிட்டு வா. இது கீச்சு கீச்சுன்னு கத்தும், அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துடு."

"திரும்பிப் பார்த்து நான் வர்றேனான்னு தெரிஞ்சுக்கலாமே, அதுக்குக் காசா பணமா?"

"சிக்னல் முன்னாடிதானே இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவர் படியேறிவிட்டார்.

மேடையில் ரயில் தயாராக நின்றது. டிரைவருக்குக் கால்கள் தாமாகவே இன்ஜின் பக்கம் போகும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீச்சு கீச்சென்று முதல் பெட்டியை நோக்கி நடந்தார். கார்டம்மா பாதி மேடைகூடத் தாண்டவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவள் எதிரே இருந்த கடைசிப் பெட்டிக்குள் கறுப்புச் சூட்கேஸைத் தள்ளித் தானும் விழுந்தாள்.

'சரிதான், டிரைவர் முன்னாடி, கார்டு பின்னாடி. ஒரே ரயில்தானே, எங்கே போய்விடப் போகிறது' என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலோர இடமும் கிடைத்தது. கொஞ்சம் கண்ணும் அயர்ந்தாள்.

விழித்தபோது ரயில் நின்றிருந்தது. டமார் என்று ஒரு சத்தம். பிறகு ரயில் மறுபடி ஓடியது. பாலம் வந்தது, வயல் வந்தது. கடல் மட்டும் வரவில்லை.

"துறைமுகத்துக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று பக்கத்தில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணைக் கேட்டாள்.

அந்தப் பெண் ஊசியை நிறுத்தினாள். "துறைமுகமா? இது அங்க போகாதேக்கா. முன்பாதிதான் துறைமுகம். சந்திப்புல கழட்டிட்டாங்களே, சத்தம் கேக்கல?"

கார்டம்மா இருக்கையைவிட்டு எழுந்துவிட்டாள். "ரயிலைக் கழட்டினாங்களா? ஆள் உட்கார்ந்திருக்கும்போதேவா?"

"தினமும் இப்படித்தான்க்கா. ஒலிபெருக்கில தொண்டை கிழியக் கத்தினாங்களே."

இந்தப் பாதை போடப்பட்டதே டிரைவர் ஓய்வு பெற்ற பிறகுதான். ஆனாலும் "எந்த ரயிலும் எனக்குத் தெரியும்" என்று சொல்லித்தானே அழைத்து வந்தார்! இப்போது ரயிலின் தலை எங்கேயோ போகிறது, வால் எங்கேயோ போகிறது. கார்டம்மா தன் செல்போனை எடுத்து அவருக்கு அடித்தாள்.

அடித்தது. அவள் காலடியிலேயே அடித்தது. கறுப்புச் சூட்கேஸ் அதிர்ந்து அதிர்ந்து பாட ஆரம்பித்தது.

"போனை உள்ள வெச்சுப் பூட்டிட்டாரே, படுபாவி மனுஷன்!"

அவள் அவசரத்தில் நிறுத்துவதற்குப் பதில் மறுபடியும் அடித்தாள். சூட்கேஸ் மறுபடியும் பாடியது. எதிர் இருக்கைக்காரர் எழுந்து நின்றார். "யாரோட பெட்டிங்க இது? உள்ள என்ன இருக்கு?"

"என் வீட்டுக்காரரோடது."

"வீட்டுக்காரர் எங்க?"

"ரயிலோட மறுபாதில."

அந்தப் பதிலில் யாருக்கும் திருப்தி இல்லை. ரயில்பெட்டியில் இருந்த எல்லாரும் எழுந்து அந்தக் கோடியில் போய் நின்றார்கள். யாரோ போய்ச் சொல்ல, அடுத்த நிலையத்தில் ஒரு காவலர் ஏறிவந்து, சூட்கேஸோடு அவளையும் இறக்கிவிட்டார்.

"திறங்கம்மா."

"வேண்டாங்க. இதைத் திறந்தா மூட முடியாது. மூடணும்னா அவர் வந்து இது மேல உட்காரணும்."

"திறங்கன்னா திறங்க."

திறந்தாள். திறந்தாள் என்பதுகூடத் தப்பு. ஜிப்பைத் தொட்டதும் அது வெடித்தது. வேட்டி, சட்டை, கம்பளி, மூன்று டார்ச் விளக்கு, ஒரு கயிற்றுச் சுருள், மூன்று வாரத்துக்குப் போதுமான உள்ளாடைகள் எல்லாம் மேடை முழுக்கச் சிதறின. செல்போன் வேட்டிக்குள்ளிருந்து உருண்டு விழுந்து, தண்டவாளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

காவலர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. கடமை."

"உங்க கடமை முடிஞ்சுதுன்னா, கொஞ்சம் இது மேல உட்காருங்க" என்றாள் கார்டம்மா.

காவலர் ஒல்லி. அவர் உட்கார்ந்தும் மூடவில்லை. பயணச்சீட்டு கொடுக்கும் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். ஜிப் வாயைப் பிளந்துகொண்டு நின்றதே தவிர அசையவில்லை. கடைசியில் அந்தக் கயிற்றைக் கொண்டே சூட்கேஸை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். பார்ப்பதற்குக் கைதியை இழுத்துப் போவதுபோல் இருந்தது.

"இங்கேர்ந்து துறைமுகத்துக்குப் பஸ் இருக்கும்மா, நேரா போயிடலாம்" என்றார் காவலர்.

பஸ் இருந்தது. நேராகத்தான் போயிருக்கும், அவளை ஏற்றியிருந்தால். நடத்துனர் கயிற்றுக் கட்டைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். "என்னம்மா, வீடு மாத்தறீங்களா? லாரி பிடிங்க."

"கப்பலுக்குப் போகணும் தம்பி. என் வீட்டுக்காரர் அங்க தனியா இருக்காரு."

"இருக்கட்டுமே. உட்கார்ந்து இருக்கச் சொல்லுங்க. அடுத்த பஸ்ல வாங்க."

"அவர் உட்கார மாட்டாருப்பா. போய்க்கிட்டே இருப்பாரு. கப்பல் ஏறிப் போயே போயிடுவாரு!"

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. ஆமாம், போய்விடுவார். திரும்பிப் பார்க்காத மனிதர். பின்னால் அவள் வந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பிலேயே ஏறி, அறைக்குப் போய், கடலைப் பார்த்து நின்றுவிடுவார். கப்பல் நடுக்கடலுக்குப் போன பிறகுதான் டீ கேட்பார். அப்போதும் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டுவார். அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அழுகை வந்ததில் இன்னும் கோபம் வந்தது.

அப்போது நிறுத்தத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. உள்ளே எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள். முன்னால் இருந்த பருத்த பெண்மணி தலையை நீட்டினாள்.

"என்னக்கா, கப்பலுக்கா? நாங்க துறைமுகச் சமையல்கட்டு ஆளுங்க. ஏறுங்க. உங்க கைதியையும் ஏத்துங்க."

கார்டம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேனில் அவளுக்கு இடம் கொடுக்க இரண்டு பேர் மடிமேல் மடியாக உட்கார்ந்தார்கள். வழி முழுக்கக் கதை கேட்டார்கள்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தடவைகூடத் திரும்பினதே இல்லையாக்கா?"

"ஒரு தடவை திரும்பினாரு."

"பார்த்தீங்களா! எதுக்கு?"

"குடையை மறந்துட்டாரு."

வேனே குலுங்கிச் சிரித்தது. கார்டம்மாவும் சிரித்துவிட்டாள். சமையல்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முன்வாசல்ல பஸ் எல்லாம் நின்னு வழி அடைச்சிருக்கும். நாங்க பின்வாசல் வழியா நேரா கப்பலடிக்கே போயிடுவோம்" என்றாள்.

சொன்னபடியே போனார்கள். கப்பலைப் பார்த்ததும் கார்டம்மா வாயைப் பிளந்தாள். ஒரு தெருவையே எடுத்து நிமிர்த்தி வைத்ததுபோல் நின்றது. அடியில் மூட்டைமுடிச்சு வாங்கும் போர்ட்டர், கயிறு கட்டிய சூட்கேஸில் ஒட்டியிருந்த அறை எண்ணைப் படித்தார்.

"இந்த அறைக்கா? இதோட ஜோடி அப்பவே மேல போயிடுச்சே. சிவப்பு. சக்கரம் கத்துமே, அதுதானே?"

"போயிடுச்சா?"

"மத்தியானமே. பெரியவர் ஒருத்தர் கொடுத்தாரு."

ஆக, ஏறிவிட்டார்! அவள் மேடையில் அவருடைய உள்ளாடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகாராஜா சாவகாசமாகக் கப்பல் ஏறியிருக்கிறார். கார்டம்மா ஏணிப்படியில் தம்தம்மென்று கால் வைத்து ஏறினாள். மேலே சீட்டைச் சரிபார்த்த இளைஞன், "கூட வர்றவர் வரலையாம்மா?" என்று கேட்டான்.

"அவர் என்னிக்கு என் கூட வந்தாரு? எப்பவோ முன்னாடி போயிருப்பாரு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. இளைஞன் அவள் முகத்தைப் பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் வழிவிட்டான்.

அறை வாசலில் சிவப்புச் சூட்கேஸ் சமத்தாக நின்றிருந்தது. உள்ளே அவர் இல்லை. மேலே, கப்பலின் மூக்கில் நின்று கடலை முறைத்துக்கொண்டிருப்பார். போய்த் தேடலாமா? கால் வாசல்வரை போனது. 'மாட்டேன்' என்று அவளே அதை இழுத்து உள்ளே வைத்தாள். 'இத்தனை வருஷம் நான் பின்னாடி வந்தேன். இன்னிக்கு ஒரு நாள் அவர் என்னைத் தேடிக்கிட்டு வரட்டும்.'

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினாள். ரயிலின் முன்பாதி சௌக்கியமா என்று கேட்க வேண்டும். அப்புறம், பொண்டாட்டி என்று ஒருத்தி இருந்தாளே, நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கப்பல் மூன்று முறை ஊதியது. ஒவ்வொரு ஊதலுக்கும் அவள் கதவைப் பார்த்தாள். அவர் வரவில்லை. தரை இலேசாக அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பம் மெல்ல, மிக மெல்ல, பின்னால் போகத் தொடங்கியது.

பக்கத்தில் நிற்கும் ஆசையும் அதோடு போயிற்று. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"வாங்க வாங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா!" என்று பாய்ந்து போய்த் திறந்தாள்.

வெளியே அறைகளைப் பெருக்கும் பெண் நின்றிருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, இந்த அறைக்கு ரெண்டு பேர்தானே?"

"ஆமா. இன்னொருத்தர் மேல இருப்பாரு. முன்னாடி பார்த்துக்கிட்டு."

அந்தப் பெண் உள்ளே ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இல்லம்மா. சூட்கேஸை மட்டும் கொடுத்துட்டு, 'என் கார்டம்மா வராம நான் வண்டியை எடுக்க மாட்டேன்'னு முன்வாசலுக்கு வெளிய போயிட்டாராம். மத்தியானத்துலேர்ந்து வர்ற பஸ்ஸெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு அங்கேயேதான் நிக்கறாரு. கேட்டை மூடறப்ப எல்லாரும் கத்தினாங்க, கப்பலும் ஊதிப் பார்த்துச்சு... அதோ, உங்க ஜன்னல்லயே தெரியறாரு பாருங்க. இப்பவும் திரும்ப மாட்டேங்கறாரு."